கல்லில் பட்ட கலர்



சென்ற மார்ச்சில் நண்பர்கள் சிலர் ஹம்பிக்குப் போனோம். அன்று ஹோலி. விஜயநகரப் பேரரசின் தலைநகரம் அது. 1986-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வடநாட்டுப் பண்டிகைதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் சிவன் மன்மதனை எரித்தது அங்குள்ள ஹேமகூட மலையில் என்கிறார்கள். மயிலாடுதுறை அருகே கொறுக்கைக் கோயிலுக்கும் அதே கதைதான். நம் பக்கத்துக் காமன் பண்டிகையும் அதுதானே! மகாநவமி மேடையில் வசந்த விழாவில் நீர் பீய்ச்சி விளையாடும் சிற்பங்களே இருக்கின்றன.

விருபாட்சர் கோயில் முன்னுள்ள வீதியில் மேளம் முழங்க, கலர்ப்பொடி பறந்தது. ஆடி முடித்துத் துங்கபத்திரையில் குளியல். அதுவரை சரி.

பிறகு போட்டோவுக்காக, ஒரு பழைய மண்டபத்தின் காரைச் சுவரில் என் கலர்க் கையை அழுத்தினேன். ஐந்து விரலும் பதிந்தது. பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். கலர் போகவில்லை, காரைதான் உதிர்ந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர், பள்ளிக்கூடம் போகாதவர். "சுவத்துக்குள்ள போன உப்பு சும்மா இருக்காதுடா" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எனக்கு அது தோணவே இல்லை!

விஷயம் இதுதான். சாயப்பொடிகளில் உப்பு கலந்திருப்பதுண்டு. தண்ணீர் பட்டால் சாயமும் உப்பும் கரைந்து நுண்துளைகளுக்குள் இறங்கும். தண்ணீர் காயும், உப்பு, பாத்தியில் விளைவது போல உள்ளேயே படிகமாகும். படிகம் வளர்ந்து துளைச் சுவரை நெட்டித் தள்ளும். ஈரமும் வெயிலும் மாறி மாறி வர, மேற்பரப்பு பொரிந்து உதிரும். கருங்கல் அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் சுண்ணாம்புக் காரை, செங்கல், சுதைச் சிற்பம் எல்லாம் நன்றாக உறிஞ்சும். ஆகவே கழுவுவதும் தீர்வல்ல. கழுவினால் இன்னும் ஆழமாக இறங்கும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. 2010-ல் செய்த திருத்தப்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நண்பர்களே, பண்டிகையை விடச் சொல்லவில்லை. வீதியில் ஆடுவோம், ஆற்றில் குளிப்போம். சுவரில் மட்டும் கை வைக்க வேண்டாம். நம் வானூர் வட்டத்துத் திருவக்கரைக் கோயிலுக்கும் இதே பேச்சுதான். அங்கே மஞ்சள் நீர் விளையாடினாலும் என் கை இனி சுவரைத் தொடாது.