தண்ணீரில் நின்று வாடும் செடி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் கட்டிக்கொண்டால் மிளகாயும் பருத்தியும் தலை தொங்கிப்போகும். மழையில்லாமல் வாடும் செடியும் இப்படித்தான் துவண்டு நிற்கும். வேர் அழுகிவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அழுகல் உண்மைதான், ஆனால் அது பிந்தி வருவது. அதற்கு முன்பே வேரின் செல்கள் தண்ணீர் வரும் வழியைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. முதல் வாட்டத்தில் பெரும் பங்கு இந்த அடைப்புக்கே உண்டு.

அந்த வழி, செல்லின் கொழுப்புச் சவ்வில் பதிந்திருக்கும் அக்வாபோரின் என்ற புரதம். சவ்வின் ஊடாகத் தண்ணீர் கொஞ்சம் கசியும். ஆனால் நம் ரத்தச் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது பாயும் வேகத்துக்குக் கசிவு மட்டும் ஈடுகொடுக்காது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஏக்ரே, ஆர்எச் ரத்த வகையை ஆராயப் போன இடத்தில் தற்செயலாக இந்தப் புரதத்தைக் கண்டார். 1992-இல் அவர் குழு, இதைத் தயாரிக்கும் ஆர்என்ஏவைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, பிறகு அவற்றை உப்புக் குறைந்த நீரில் போட்டது. சில நிமிடங்களில் அவை உப்பி வெடித்தன. ஆர்என்ஏ செலுத்தாத முட்டைகள் அப்படியே கிடந்தன. இதற்காக, மருத்துவம் படித்த ஏக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அக்வாபோரினின் ஒவ்வொரு துளையையும் சூழ்ந்து ஆறு புரதச் சுருள்கள் நிற்கின்றன. துளையின் மிகக் குறுகிய இடம் சுமார் 0.3 நானோமீட்டர். மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, வினாடிக்கு ஏறக்குறைய 300 கோடி கடக்கின்றன. ஆனால் அமிலத்தன்மை தரும் புரோட்டானால் கடக்க முடியாது.

செடியின் அக்வாபோரினுக்கு ஒரு மூடியும் உண்டு. கரிசல் களிமண் நனைந்து உப்பினால் காற்றுப் புழங்கும் இடுக்குகள் அடைபடுகின்றன. செவல்காட்டில் இந்தத் தொல்லை குறைவு. பிராணவாயு இல்லாமல் மூச்சுத் திணறும் வேர்ச் செல்லின் உட்புறம் அமிலமாகிறது. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, ஒரு வளையப் பகுதி மடங்கித் துளையை மூடுகிறது. வறட்சியில் வேறு வழி: செரின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் ஒட்டியிருந்த பாஸ்பேட் கழல்கிறது, அதே வளையம் மூடுகிறது. சீமைப் பசலையின் அக்வாபோரினில் இந்த அமைப்பை 2006-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினர்.

அந்த முதல் வாட்டம் வெறும் அழுகலின் தொடக்கமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். 2003-இல் பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் வேருக்குப் பிராணவாயுவை நிறுத்தியதுமே அது நீர் கடத்தும் திறன் சரிந்தது. அழுகலுக்கு அங்கே நேரமே இல்லை. அந்த ஹிஸ்டிடினை மாற்றிவைத்தபோது அமிலத்துக்கு மூடும் குணமும் மங்கியது. ஆய்வகச் செடி வேறு, நம் பருத்தி வேறு என்பது அடுத்த ஆட்சேபம். அரபிடாப்சிஸில் 35 அக்வாபோரின் மரபணுக்கள், பருத்தியில் 2010-இல் எண்ணியது 71. எண்ணிக்கை வேறானாலும், செல்லின் வெளிச்சவ்வில் உள்ள வகையில் அந்த ஹிஸ்டிடின் செடிக்குச் செடி மாறாமல் வருகிறது. அப்படியானால் கூடுதல் துளைகளைச் சேர்த்து வறட்சியை வெல்லலாமே என்று ஆசைப்படத் தோன்றும். 2003-இலேயே புகையிலையில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தண்ணீர் தாராளமாக இருந்தவரை செடி செழித்தது. காய்ந்தபோது மற்றவற்றைவிட வேகமாக வாடியது. வானம் பார்த்த பூமியில் திறக்கத் தெரிவதைவிட நேரத்தில் மூடத் தெரிவதுதான் செடியைக் காக்கிறது. தேங்கிய வயலில் வாட்டத்தைப் பார்த்து யூரியா தூவுவதிலும் பயனில்லை. வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், மண்ணுக்குள் காற்று இறங்கி, செல்லின் அமிலம் தணிந்து, மூடி விலகும். உரத்தை அதன்பிறகு போட்டால் போதும்.