மலைநாட்டில் எலும்பின் வலிமை

தேயிலைத் தோட்டங்களில் முதுகு வளைந்து கோலூன்றி நடக்கும் மூதாட்டியரைக் காண்போர், கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து வந்த கூன் அது என்று கூறுவது வழக்கம். முழுப் பழியையும் கூடையின் மீது ஏற்றுதல் பொருந்தாது. முள்ளந்தண்டின் எலும்புகள் உள்ளூற நொய்ந்து அமிழ்ந்தமையே பல வேளைகளில் அக்கூனுக்குக் காரணமாகும். மருத்துவர் இதனை ஒஸ்டியோபொரோசிஸ் என்பர். வலி ஏதுமின்றி வளரும் இந்நோய், ஈரப் படியில் சற்றே வழுக்கி விழும் நாளில் இடுப்பெலும்பு முறிவாக வெளிப்படுவதுமுண்டு.

எலும்பு உயிருள்ள பொருள். நாள்தோறும் சிறிது கரைந்து, சிறிது புதிதாக அமைவது. கல்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே தங்கியிருக்கிறது. ஏறத்தாழ 30 வயது வரை வரவு மிகும். பின்னர்ச் செலவு மிகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் சில ஆண்டுகள் அச்செலவு விரைந்து நடைபெறும். ஆதலின் 70 வயதுப் பாட்டியின் எலும்புக் கணக்கு, அவர் 12 வயதுச் சிறுமியாய் இருந்தபோதே எழுதத் தொடங்கியதாகும்.

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் உழைப்பு எலும்புக்குப் பகையன்று. மலைச்சரிவில் ஏறி இறங்குதல் அதனை உறுதியாக்கும். குறை இருப்பது உணவிலேதான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவிலோ 20 மில்லிகிராம் அளவே உண்டு. தேநீர் எலும்பை அரிக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா, அது பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் தீங்கு.

பாலுக்குப் பேர்பெற்ற நாடு இது. அம்பேவலப் பண்ணையை அறியாதார் இலர். லயத்தின் அருகே தொழுவம் அமைத்துப் பசு வளர்ப்போரும் பலர். ஆயினும் விடியலில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்திற்குச் செல்ல, அவ்வீட்டுச் சிறுமி வெறுந்தேநீர் அருந்திப் பள்ளிக்குச் செல்வதுண்டு. பால் விற்ற பணத்தில்தான் அவளுடைய கொப்பியும் வாங்கப்படுகிறது என்பதால், விற்க வேண்டாமெனக் கூறுவது நியாயமன்று. 200 மில்லிலீட்டர் மட்டும் அவளுக்கென எடுத்துவைத்தால், ஏறக்குறைய 240 மில்லிகிராம் கல்சியம் அவளைச் சேரும்.

கல்சியம் குடலில் ஏறுவதற்கு 'டி' ஜீவசத்து துணை வேண்டும். அதனை வெயில் பட்ட தோல் தானே உண்டாக்கும். 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் மூடுபனியும் மழையும் மிகுதி. தலைத்துணியும் படங்கும் உடலை மறைக்கும். வெயில் காணும் நாளில் கைகால்களில் சிறிது நேரம் படவிடுவது நன்று. முட்டைக் கருவும் டின் மீனும் ஓரளவு உதவும்.

வெற்றிலைச் சுண்ணாம்பே போதுமென்பாரும் உளர். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றை அழைத்துவரும், அவ்வழி வேண்டா. முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடு, தோட்டத்தில் விளையும் நோக்கோலின் இலை ஆகியவை மேலானவை. குரக்கன் மாவில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதனைத் தனியே தட்டினால் ரொட்டி வெடிக்கும். பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்து, இளஞ்சூட்டு நீரில் பிசைந்து தட்டினால் பதமாக வரும்.