அரை மில்லி மீட்டரில் தப்பிய உயிர்!

பசிபிக் மகா சமுத்திரத்தில் ஒரு சின்னஞ்சிறு தீவு.

அங்கே 1977-ம் ஆண்டில் ஒரு பஞ்சம் வந்தது.

மனிதர்களுக்கு வந்த பஞ்சம் அல்ல. அந்தத் தீவில் மனிதர்கள் குடியிருக்கவில்லை. குருவிகளுக்கு வந்த பஞ்சம்!

பஞ்சத்துக்கு முன் அங்கே ஒரு ஜாதிக் குருவிகள் சுமார் 1,200 இருந்தன. பஞ்சம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது, இருந்தவை 180!

அந்த 180 குருவிகள் மட்டும் தப்பியது எப்படி?

அவற்றின் அலகுதான் காரணம். செத்த குருவிகளின் அலகைவிட, பிழைத்த குருவிகளின் அலகு கொஞ்சம் கனமாக இருந்தது.

எவ்வளவு கனம் தெரியுமா? சராசரியாக அரை மில்லி மீட்டர்! உங்கள் கட்டை விரல் நகத்தின் கனம் இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த நகக் கனத்தில்தான் வாழ்வும் சாவும் இருந்தன. கேளுங்கள் அந்தக் கதையை.

எரிமலைத் தீவு

தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்று ஒரு நாடு. அதன் கரையிலிருந்து மேற்கே சுமார் 600 மைல் கடலில் போனால், காலாபகஸ் தீவுகள் வரும். எல்லாம் எரிமலை கக்கிய தீவுகள்.

அவற்றில் ஒன்றுதான் டாப்னி மேஜர். மொத்தம் 84 ஏக்கர் இருக்கும். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. கரையில் படகு கட்ட வசதி இல்லை. படகு அலையில் எழும்பும் நேரம் பார்த்துப் பாறைமீது தாவி ஏற வேண்டும்!

1973-ம் ஆண்டில் இந்தத் தீவுக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்பது அவர்கள் பெயர். இருவரும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். விஞ்ஞானிகள்.

தண்ணீர், உணவு, கூடாரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தார்கள். தங்கள் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்தார்கள். ஒரு தடவை வந்ததோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் வந்தார்கள். நாற்பது ஆண்டுகள் வந்தார்கள்!

எதற்காக?

குருவிகளை எண்ணுவதற்காக!

குருவிகளுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

அவர்கள் குருவிகளை வலை கட்டிப் பிடித்தார்கள். ஒவ்வொன்றின் காலிலும் வர்ண வளையம் மாட்டினார்கள். பொற்கொல்லர் தங்கக் கம்பியை அளப்பதுபோல, அலகின் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் அளந்தார்கள். நிறுத்தார்கள். பிறகு பறக்க விட்டார்கள்.

எந்தக் குருவி எதனோடு ஜோடி சேர்ந்தது? எத்தனை குஞ்சு பொரித்தது? என்ன விதை தின்றது? என்று செத்தது? எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறின.

கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கு ஊரில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரியும் அல்லவா? அதுபோல, டாப்னித் தீவின் குருவிக் குடும்பங்கள் எல்லாம் இவர்களுக்குத் தெரிந்திருந்தன.

டார்வின் சொன்னது

இவ்வளவு சிரமம் ஏன்? இதைப் புரிந்துகொள்ள டார்வினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சார்லஸ் டார்வின் இங்கிலாந்துக்காரர். 1835-ம் ஆண்டில், 'பீகிள்' என்ற கப்பலில் காலாபகஸ் தீவுகளுக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு வயது 26. ஐந்து வாரம் தங்கினார். ஊர் திரும்பி, ஆண்டுக்கணக்கில் யோசித்து, 1859-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகமே பரபரப்பு அடைந்தது.

அவர் சொன்னதன் சாரத்தை மூன்று சின்ன விஷயங்களாகச் சொல்லிவிடலாம்.

முதலாவது, ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று உயரம். ஒன்று குட்டை.

இரண்டாவது, பெற்றோரின் சாயல் பிள்ளைகளுக்கு வருகிறது.

மூன்றாவது, பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. இரை போதாது. நோய் வருகிறது. பகை இருக்கிறது.

இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இருக்கும் இடத்துக்கு எந்த உடலமைப்பு ஒத்துப்போகிறதோ, அது உள்ள உயிர்கள் அதிகமாகப் பிழைக்கும். அவற்றுக்குத்தான் அதிகப் பிள்ளைகள் பிறக்கும். பிள்ளைகளுக்கும் அதே சாயல் வரும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் அந்த இனமே மாறிவிடும்.

இதற்குத்தான் 'இயற்கைத் தேர்வு' என்று பெயர். இடத்துக்கு ஏற்றபடி இனம் அமைந்துவிடுவதைத் 'தகவமைப்பு' என்கிறார்கள். இதனால் உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வருவதுதான் 'பரிணாமம்'.

ஆனால் இந்த மாறுதல் மிக மிக மெதுவாக நடப்பது, மனிதன் தன் ஆயுளில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்று டார்வின் எண்ணினார்.

பார்க்க முடியும் என்று காட்டியது டாப்னித் தீவு!

கடைசியில் மிஞ்சியது நெருஞ்சி

அந்தக் குருவிகள் தரையில் கிடக்கும் விதைகளைத் தின்று வாழ்பவை. மழை பெய்த ஆண்டுகளில் பொடி விதைகள் ஏராளம். பெரிய அலகுக் குருவியும் தின்னும். சின்ன அலகுக் குருவியும் தின்னும். ஒன்றுக்கும் குறைவில்லை.

1976-ம் ஆண்டு மழைக் காலத்தில் 127 மில்லி மீட்டர் மழை பெய்தது. அடுத்த ஆண்டு பெய்தது வெறும் 24 மில்லி மீட்டர்!

செடிகள் காய்ந்தன. குருவிகள் கூடு கட்டவில்லை. முட்டை இடவில்லை. கீழே கிடந்த பொடி விதைகளைப் பொறுக்கித் தின்றன. சில மாதங்களில் அவையும் தீர்ந்துபோயின.

கடைசியில் மிஞ்சியது என்ன தெரியுமா? நெருஞ்சி முள்!

ஆம், நம் ஊர் வரப்பில் காலில் குத்துகிறதே, அதே நெருஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி அங்கேயும் உண்டு. அதன் காய் கல்போல இருக்கும். சுற்றிலும் முள். உள்ளே விதை. விதை வேண்டுமென்றால் காயை உடைக்க வேண்டும்.

கனத்த அலகுக் குருவிகள் கடித்து, திருகி, எப்படியோ உடைத்தன. சின்ன அலகுக் குருவிகளால் உடைக்க முடியவில்லை. நெருஞ்சி எதிரே கிடந்தது. வயிறு பசித்தது. ஆனாலும் தின்ன வழியில்லை. பட்டினி கிடந்து செத்தன.

பெண் குருவிகள் பொதுவாக ஆண் குருவிகளைவிடச் சிறியவை. அதனால் அவைதான் அதிகம் மாண்டன. பஞ்சம் தீர்ந்தபோது, ஒரு பெண் குருவிக்கு ஐந்தாறு ஆண் குருவிகள் என்ற நிலை!

எந்தக் குருவியும் மாறவில்லை!

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'பசி வந்தது. குருவி முயற்சி செய்தது. அலகு பெரிதாக வளர்ந்தது' என்று நினைக்கிறார்கள்.

அப்படி நடக்கவே இல்லை. பஞ்சத்தில் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை. கனத்த அலகு உள்ள குருவிகள் பஞ்சத்துக்கு முன்பே இருந்தன. பஞ்சம் அவற்றைப் பொறுக்கி எடுத்தது. அவ்வளவுதான்.

வீட்டில் பெண்கள் முறத்தில் அரிசி புடைக்கிறார்கள். முறம் அரிசியைப் புதிதாக உண்டாக்குகிறதா? இல்லையே! பதர் பறக்கிறது. அரிசி தங்குகிறது. முறத்தின் வேலையைத்தான் டாப்னியில் பஞ்சம் செய்தது.

முன்பு இருந்த குருவிகளின் அலகு சராசரியாக 9.4 மில்லி மீட்டர் கனம். பிழைத்த குருவிகளின் அலகு ஏறக்குறைய 10 மில்லி மீட்டர். அடுத்த ஆண்டு மழை வந்தது. பிழைத்தவை ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளை வளர்ந்த பிறகு அளந்து பார்த்தார்கள். அவற்றின் அலகும் பழைய தலைமுறையைவிட நூற்றுக்கு நாலு பங்கு அளவில் கனத்திருந்தது!

ஒரே பஞ்சம். ஒரே தலைமுறை. ஓர் இனத்தின் சராசரி அலகே மாறிவிட்டது!

மழை வந்தது, கணக்கு மாறியது

'அப்படியானால், பஞ்சத்துக்குப் பஞ்சம் அலகு வளர்ந்து, கடைசியில் கிளி மூக்குபோல ஆகிவிடுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1983-ம் ஆண்டில் தலைகீழாக நடந்தது. எல் நினோ என்ற கடல் வெப்ப மாறுதலால் அந்தப் பக்கம் எங்கும் அடைமழை. டாப்னியில் மட்டும் 1,359 மில்லி மீட்டர்! வறண்ட பாறைத் தீவு பச்சைக் காடாயிற்று. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடிவிட்டன. எங்கு பார்த்தாலும் பொடி விதைகள்.

பிறகு மறுபடியும் வறட்சி வந்தது. இந்தத் தடவை தரையில் கிடந்தவை பெரும்பாலும் பொடி விதைகள்தான். பொடி விதையைக் கொத்திப் பொறுக்கச் சின்ன அலகே வசதி. பெரிய குருவிக்குத் தீனியும் அதிகம் வேண்டும். இந்தத் தடவை கனத்த அலகுக் குருவிகள் அதிகம் மாண்டன. சின்ன அலகுக் குருவிகள் தப்பின!

முன்பு எது உயிரைக் காப்பாற்றியதோ, அதுவே இப்பொழுது உயிருக்கு உலை வைத்தது.

'வலுத்தது வாழும், இளைத்தது சாகும் என்பதுதான் டார்வின் தத்துவம்' என்று சிலர் பேசுகிறார்கள். ஏழை எளியவர்களை நசுக்குவதற்குக்கூட இதைச் சாக்காகச் சொன்னவர்கள் உண்டு. அது தவறு. இயற்கை கேட்பது பலத்தை அல்ல, பொருத்தத்தை. செருப்பு பெரிதா சிறிதா என்பது பேச்சல்ல. காலுக்குச் சேருகிறதா என்பதுதான் பேச்சு. காலே மாறிக்கொண்டிருந்தால், நேற்றுச் சேர்ந்த செருப்பு இன்று கடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1977-ல் எல்லாக் குருவிகளுக்கும் சின்ன அலகே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீவில் அந்த ஜாதிக் குருவியே பூண்டோடு போயிருக்கும். பலவித அலகுகள் இருந்ததால்தான் இனம் பிழைத்தது. வேற்றுமைதான் இனத்தின் சேமிப்பு.

நம் வீட்டிலும் நடக்கிறது

'எங்கோ ஒரு தீவு. ஏதோ குருவி. நமக்கென்ன?' என்று நினைக்காதீர்கள்.

சுதந்திரம் வந்த காலத்தில், மலேரியாக் காய்ச்சல் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரை வாட்டியதாகவும், எட்டு லட்சம் பேரைக் கொன்றதாகவும் மதிப்பிட்டார்கள். 1953-ல் சர்க்கார் கொசு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். நல்ல பலன். 1965-ல் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சமாகக் குறைந்தது!

ஆனால் 1976-ல் அது 64 லட்சமாக ஏறிவிட்டது. மருந்து தட்டுப்பாடு, வேலையில் தொய்வு என்று காரணங்கள் பல. டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள் பெருகியது ஒரு முக்கியக் காரணம்.

எந்தக் கொசுவும் மருந்தைக் குடித்துப் பழகிக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான கொசுக்களில், மருந்தைத் தாங்கும் உடம்போடு பிறந்தவை சில. மருந்து மற்றவற்றைக் கொன்றது. மிஞ்சியவை முட்டையிட்டன. டாப்னியில் நெருஞ்சி செய்ததை இங்கே மருந்து செய்துவிட்டது!

நோய்க் கிருமிகளும் இப்படித்தான். கிருமியைக் கொல்லும் மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி, நினைத்தபோது விழுங்கினால், மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பொறுக்கி எடுத்து நாமே வளர்க்கிறோம். பிறகு உண்மையாகவே அந்த மருந்து தேவைப்படும் நாளில், நம் குழந்தைக்கு அது வேலை செய்யாமல் போகலாம்.

டாப்னித் தீவில் இன்றும் அந்தக் குருவிகள் இருக்கின்றன. சின்ன அலகும் உண்டு. கனத்த அலகும் உண்டு. அடுத்து வரப்போவது பஞ்சமா, பெருமழையா? எந்தக் குருவிக்கும் தெரியாது.

எது வந்தாலும் தாங்க, கூட்டத்தில் யாராவது இருப்பார்கள். அதுதான் அவற்றின் பலம்!