முக்குளிப்போர் கடியாரமும் சேகரிப்போர் தீர்ப்பும்

முதுகிலே காற்றுக்குடுவையைச் சுமந்து கடலுக்கடியில் இறங்குகிறவனுக்காகப் பிறந்த ஒரு கைக்கடியாரத்தை, நீச்சல் குளத்துக்கே அபூர்வமாகப் போகிற ரசிகர்கள் வாங்கிச் சேர்ப்பதும், ஆண்டுதோறும் புதிதாக வெளிவருவதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அபிப்பிராயம் சொல்வதும் அயலாருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் அந்த அபிப்பிராயங்களைப் பொறுமையுடன் கேட்டால், அவற்றின் அடியிலே ஒரு கேள்வி ஓடுவது புலப்படும்: இதன் ஒவ்வோர் உறுப்பும் இன்னும் தன் காரியத்துக்காகத்தான் இருக்கிறதா, வெறும் வேஷமாகிவிட்டதா?

அந்தக் காரியம் இன்னதென்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1953-ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையைச் சேர்ந்த ராபர்ட் மலூபியே, குளோத் ரிஃபோ என்னும் இரு அதிகாரிகளின் தேவையை அனுசரித்து, தாமே முக்குளிப்பில் ஈடுபாடுள்ளவரான ழான்-ழாக் ஃபீஷ்டேரின் தலைமையில் பிளான்பேன் என்ற ஸ்விஸ் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ கடியாரத்தை உருவாக்கியது. ஐம்பது பாகம், அதாவது ஏறக்குறைய 91 மீட்டர் ஆழம், அதற்குக் குறித்த எல்லை. மறு ஆண்டு பேசல் கண்காட்சியில் ரோலெக்ஸின் ‘சப்மரினர்’ பார்வைக்கு வந்தது. இரண்டிலும் விசேஷமான உறுப்பு முகப்பைச் சூழ்ந்த சுழல் வளையமே. நீரில் இறங்குமுன் அதன் முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டால், இறங்கி எத்தனை நிமிஷமாயிற்று என்பதை ஒரே பார்வையில் அறியலாம். ஆழத்தில் நெடுநேரம் தங்கியவனுடைய ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அவன் அவசரமாக மேலேறும்போது குமிழிகளாகி உயிருக்கே அபாயம் விளைவிக்குமாதலால், அந்தக் கணக்குத் தவறலாகாது. பிற்காலத்து வளையங்கள் ஒரே திசையில் மட்டும் சுழல்வதும் இதனால்தான்: பாறையில் இடித்து நகர்ந்துவிட்டாலும் கழிந்த நேரத்தை அது கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது, ஆகையால் மனிதன் சீக்கிரமே மேலேறிவிடுவான். இவ்வளவு எளிய உறுப்பில் இவ்வளவு கருணை பொதிந்த யந்திரம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1980-களிலிருந்து ஆழத்தையும் நேரத்தையும் தாமே கணக்கிடும் சிறு கணிப்பொறிகள் இவ்வேலையை ஏற்றுக்கொண்டன. அதன்பின் இக்கடியாரத்தின் நேர்மைக்குக் காவல் நிற்பவர்கள் பெரும்பாலும் சேகரிப்போர்தாம்.

2020 செப்டம்பரில் புதிய சப்மரினர் வெளிவந்தபோது, 40 மில்லிமீட்டர் என்றிருந்த அதன் விட்டம் 41 ஆயிற்றென்ற செய்தி பலரைக் கலங்கச் செய்தது. கையிலே கட்டிப் பார்த்தவர்களோ வேறு சொன்னார்கள். முந்திய வார்ப்பில் தடித்துச் சதுரித்து நின்ற கொம்புகள், பட்டையைப் பிடித்திருக்கும் அந்த நான்கு முனைகள், மெலிந்து சரிந்திருந்தன. சங்கிலியின் அகலம் 20-இலிருந்து 21 மில்லிமீட்டராகியிருந்தது. ஆகவே பெரிதான கடியாரம் பார்வைக்கு ஒல்லியாயிற்று. அளவை மட்டும் வாசித்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2023-இல் டியூடர் நிறுவனம் வெளியிட்ட ‘பிளாக் பே 54’ இன்னும் நுட்பமான விவாதத்தைக் கிளப்பியது. 1954-ஆம் ஆண்டின் தன் முதல் முக்குளிப்புக் கடியாரத்தை நினைவில் வைத்து அது 37 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. சிறிய மணிக்கட்டு உடையோர் அகமகிழ்ந்தனர். ஆனால் சங்கிலியின் ஓரத்தில் தெரியும் ஆணித்தலைகள், பழைய காலத்தில் கண்ணிகளை மெய்யாகவே இணைத்தவை, இங்கே அலங்காரத்துக்கு மட்டும் இருக்கின்றனவென்று பலர் குறைப்பட்டார்கள். நானும் அவர்கள் பக்கந்தான். வளையத்திலோ, முதல் பதினைந்து நிமிஷங்களுக்கு வழக்கமாக இருக்கும் சிறு கோடுகள் மூலத்தைப் பின்பற்றி நீக்கப்பட்டன. அதன் சௌந்தரியத்தைப் புகழ்ந்தவர்கள் அநேகர். எனக்கு அது சம்மதமில்லை. அந்தக் கோடுகள் நிமிஷத்தை எண்ணுவதற்காக வந்தவை. உருவத்துக்கு விசுவாசம் காட்டிக் காரியத்தைக் குறைப்பது தலைகீழான முறை. முகப்பின் முட்களோ, 1969-இல் அறிமுகமான சதுரமுனை முட்கள். மூலத்தின் மீதுள்ள பக்தியும் இடத்துக்கிடம் மாறிவிடுகிறது.

ஜப்பானின் முதல் முக்குளிப்புக் கடியாரத்தை 1965-இல் 150 மீட்டர் தாங்குமாறு செய்த ஸெய்கோ, அதன் வாரிசாக 2024-இல் வெளியிட்ட ‘புரோஸ்பெக்ஸ்’ 300 மீட்டர் தாங்குகிறது. விட்டம் 40 மில்லிமீட்டர். உறுதியைப் பற்றி யாருக்கும் புகாரில்லை. மூன்று மணிக்கு நேரே இருந்த தேதிச் சாளரம் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே போய்விட்டதுதான் பலருக்கு உறுத்தல். அதனால் மணிக்குறிகள் அனைத்தும் முழுமையாக ஒளிர முடிகிறதென்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லையென்று நினைக்கிறேன். இருளில் நேரம் தெரிவதல்லவா முதல் தேவை?

2022-இல் ரோலெக்ஸ் டைட்டேனியத்தில் வார்த்த ‘டீப்ஸீ சேலஞ்ஜ்’ 11,000 மீட்டர் தாங்கும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள அதைச் சேகரிப்போர் வியந்து பார்க்கிறார்கள், தினமும் கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் சிலரே.

இத்தனை குறைகளையும் சொல்லிக்கொண்டே அவர்கள் புதிய கடியாரங்களை ஏன் வாங்குகிறார்களென்றால், 1950-களின் அசலை நம்பி நீரில் இறக்க இயலாதென்பதே காரணம். ரப்பர் வளையங்கள் இறுகிப்போக, மூடியின் விளிம்பு அரித்துப்போக, ஒரு துளி ஈரம் உள்ளே நுழைந்தாலே முகப்பு பாழாகும். புதியது கடலுக்குப் போகலாம். போய் வந்த பிறகு நல்ல நீரில் கழுவி, அடியில் மணல் தங்காதபடி சுழல் வளையத்தை இரண்டு சுற்றுத் திருப்பி, சாவித்திருகு முழுவதும் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, சில ஆண்டுகளுக்கொரு முறை அழுத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து ரப்பரை மாற்றிக்கொள்ள வேண்டும்.