தானுந்துப் புகைக்குழாய்ப் புதுப்பிப்பு

தானுந்துப் புகைக்குழாய்ப் புதுப்பிப்பு என்பது வெப்பத்தால் நிறம் மாறிய, கரி படிந்த அல்லது துருப்பிடித்த புகைக்குழாயின் வெளித்தோற்றத்தை மீண்டும் பொலிவுறச் செய்யும் பணியாகும். பேச்சு வழக்கில் இக்குழாய்த் தொகுதி முழுவதையுமே சைலன்சர் என்பர். ஆனால் அச்சொல் ஓசையைத் தணிக்கும் கலனுக்கு மட்டுமே உரியது. தேய்த்தல், மெருகிடல், பூச்சிடல் ஆகியன கடினமான வேலைகள் அல்ல. எனினும் புகைக்குழாய் வெறும் அணிகலன் அன்று. பொறியில் உருவாகும் நச்சு வளிமங்களைப் பயணிகள் அமரும் அறைக்கு எட்டாமல் பின்புறமாகக் கொண்டுசெல்வதே அதன் முதற்பணி. அரித்து ஓட்டை விழுந்த குழாயின் மீது பூசப்படும் பளபளப்பான பூச்சு அந்த ஓட்டையை மறைக்குமே அன்றி அடைக்காது. எனவே குழாய் உறுதியாக உள்ளதா என்று அறிந்த பின்னரே அதன் அழகைப் பற்றி எண்ண வேண்டும்.

அமைப்பும் உலோகங்களும்

பொறியின் உருளைகளிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் பன்முகக் குழாய், வினையூக்கி மாற்றி, ஓசைத் தணிப்புக் கலன், வால்குழாய், அதன் நுனியில் பொருத்தப்படும் அலங்கார முனை ஆகியவை இத்தொகுதியின் பகுதிகளாகும். பெட்ரோல் பொறியில் முழுச் சுமையின்போது பன்முகக் குழாயை அடையும் புகையின் வெப்பநிலை 800° செல்சியசைக் கடக்கக்கூடும். வால்குழாயை அடைவதற்குள் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே வண்டியின் முன்பகுதிக்கு ஏற்ற முறை பின்பகுதிக்கும், பின்பகுதிக்கு ஏற்ற முறை முன்பகுதிக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

பழைய வண்டிகளில் பன்முகக் குழாய் வார்ப்பிரும்பாலும் மற்றவை மென்னெஃகாலும் செய்யப்பட்டன. பின்னர் அலுமினியம் பூசிய எஃகும், துருவேறா எஃகும் பரவலாயின. துருவேறா எஃகில் இரண்டு வகைகளை இங்கு அறிந்திருத்தல் வேண்டும். 409 எனப்படும் வகையில் ஏறத்தாழ 11 விழுக்காடு குரோமியம் மட்டுமே உண்டு. இது காந்தத்தால் ஈர்க்கப்படும். விலை குறைவு என்பதால் பெரும்பாலான தொழிற்சாலைக் குழாய்கள் இதனால் ஆனவை. 304 எனப்படும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. தமிழ்நாட்டில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திர உலோகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இதனைக் காந்தம் ஈர்ப்பதில்லை, அல்லது வளைத்த இடங்களில் மட்டும் மிகச் சிறிதே ஈர்க்கும். வேலையைத் தொடங்கும் முன் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை வைத்துக்கொள்வது பெரிதும் பயன்படும்.

409 வகைக் குழாயின் மேற்பரப்பில் சில மாதங்களிலேயே பழுப்புநிறத் துரு தோன்றுவது இயல்பு. இதைக் கண்டு குழாயே கெட்டுவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. வார்ப்பிரும்புப் பன்முகக் குழாய்க்கும் இது பொருந்தும். அதன் தடித்த சுவர் மேல்துருவோடு பல ஆண்டுகள் உழைக்கும்.

நிறம் மாறுதல்

அடுப்பில் வெறுமனே காய்ந்துபோன எவர்சில்வர்ப் பாத்திரத்தின் அடியில் பொன்னிறமும் நீலமும் கலந்த வளையங்களைப் பலரும் கண்டிருப்பர். புகைக்குழாயின் நிறமாற்றமும் இதுவே. இது அழுக்கு அன்று, சாயமும் அன்று. சூடான உலோகத்தின் குரோமியமும் இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகின்றன. அப்படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் தெறிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இதே காரணத்தாலாகும். இராபர்ட் ஊக் 1665 ஆம் ஆண்டில் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா என்னும் நூலில் மெல்லிய படலங்களின் நிறங்களை ஆராய்ந்தபோது, சூடேற்றிய எஃகின் நிறங்களையும் கருத்தில் கொண்டார்.

படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். காற்றில் சூடேறும் 304 வகை எஃகு ஏறத்தாழ 290° செல்சியசில் வெளிர் மஞ்சளாகவும், 390° அளவில் பழுப்பாகவும், 450° அளவில் அடர் ஊதாவாகவும், 540° அளவில் நீலமாகவும் தோன்றும். சாதாரண எஃகில் இதே நிறங்கள் மிகக் குறைந்த வெப்பத்திலேயே வந்துவிடும். 300° அளவிலேயே நீலம் தோன்றும். வெப்பநிலை மட்டுமன்றி, உலோகம் எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்பதும் நிறத்தை முடிவு செய்கிறது. ஆதலால் நிறத்தைக் கொண்டு வெப்பநிலையை மதிப்பிடுவது தோராயமானதே.

வெளிர் மஞ்சள் நிறம் தீங்கற்றது. அடர் நீலமும் கருமையும் அவ்வாறல்ல. தடித்த படலம் உருவாகும்போது அதன் கீழுள்ள உலோகத்திலிருந்து குரோமியம் உறிஞ்சப்படுவதால், அவ்விடம் பின்னர் எளிதில் துருப்பிடிக்கும். பற்றவைத்த இணைப்புகளை ஒட்டி முதலில் துரு தோன்றுவதற்கு இது ஒரு காரணம். மறுபுறம், டைட்டானியம் முனைகளில் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தை வேண்டுமென்றே உண்டாக்கி விற்கின்றனர். அதனை மெருகிட்டு அழித்துவிட்டுப் பின்னர் வருந்துவோரும் உளர்.

துருப்பிடித்தல்

இரும்பு துருப்பிடிக்க நீர், ஆக்சிசன் ஆகிய இரண்டும் வேண்டும். உப்பு அந்த நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டி அரிப்பை விரைவுபடுத்தும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் நாடுகளிலும், கடற்கரை ஊர்களிலும் குழாய்கள் விரைவில் கெடுவதற்குக் காரணம் இதுவே. துரு நுண்துளைகள் கொண்டது. இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்து, செதிலாக உதிர்ந்து, அடியிலுள்ள புது உலோகத்தை மீண்டும் வெளிக்காட்டும்.

பலர் அறியாத செய்தி, புகைக்குழாய் உள்ளிருந்தும் அரிக்கப்படுகிறது என்பதாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஐதரசன் காற்றின் ஆக்சிசனுடன் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீரை உண்டாக்குகிறது. குழாய் சூடாக இருக்கையில் இந்நீர் ஆவியாக வெளியேறிவிடும். ஆனால் கடைத்தெரு வரை சென்று திரும்பும் குறும்பயணங்களில் பின்புறக் கலன் சூடேறுவதற்குள் பொறி நிறுத்தப்படுகிறது. ஆவி அங்கேயே குளிர்ந்து, புகையின் கந்தக, நைட்ரசன் ஆக்சைடுகளைக் கரைத்துக்கொண்டு மென்அமிலமாகத் தேங்கும். குறைவாக ஓடிய வண்டியின் கலன் முதலில் ஓட்டையாவது இதனால்தான். காலையில் வால்குழாயிலிருந்து நீர் சொட்டுவது கோளாறு அன்று. பல கலன்களின் அடியில் இந்நீர் வடிவதற்கென்றே ஒரு சிறு துளை இடப்பட்டிருக்கும். அதனைத் துருவோட்டை என்று கருதி அடைத்துவிடக் கூடாது.

முதற்சோதனை

குழாய் முற்றிலும் ஆறிய பின்னரே தொட வேண்டும். வண்டியின் அடியில் புகுவதாயின் ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை இருத்த வேண்டும்.

பின்னர் திருப்புளியின் பிடியால் குழாயையும் கலனையும் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி நல்ல உலோகத்தைக் காட்டும். மந்தமான ஒலி எழுந்தாலோ, செதில்கள் உதிர்ந்தாலோ, திருப்புளி முனை உள்ளே அமிழ்ந்தாலோ அப்பகுதி மாற்றப்பட வேண்டியது. இணைப்புகளைச் சுற்றிக் கருங்கோடுகள் படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது என்று பொருள். தொங்கு கொக்கிகளையும் அவற்றின் இரப்பர் வளையங்களையும் பார்ப்பது நலம்.

இச்சோதனையைத் தவிர்க்கலாகாது. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. குருதியின் ஈமோகுளோபினுடன் இது ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும் நஞ்சேற்றத்தைப் பயணக் களைப்பு என்றே பலர் எண்ணுவர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியுடன் ஓடும் வண்டியில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டையை ஒட்டுப்பசையாலும் துணிச்சுற்றாலும் மூடுவது பணிமனை வரை செல்வதற்கான ஏற்பாடு மட்டுமே.

துருவேறா எஃகை மெருகிடல்

முதலில் வழலை நீரால் கழுவி, கரியையும் எண்ணெய்ப் பசையையும் நீக்க வேண்டும். கரி நீங்கிய பின், நிறமாற்றம் என்று நினைத்ததில் பாதி காணாமற்போவதும் உண்டு. எஞ்சிய மஞ்சள், பழுப்பு நிறங்களை நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு கலந்த உலோகப் பாலிஷால் நீக்கலாம். ஆக்சாலிக் அமிலம் கலந்த தூய்மிகள் துருக்கறையை நன்கு கரைக்கும். ஆனால் அவை நஞ்சாதலால் கையுறை, கண்காப்பு ஆகியன தேவை. சிட்ரிக் அமிலக் கரைசல் மெதுவாக வேலை செய்தாலும் வீட்டில் கையாள எளிது.

அடர் நீலத்தைப் பாலிஷ் மட்டும் நீக்காது. நைலான் தேய்ப்பானால் அல்லது 400 எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 800, 1500 என நுண்மையான தாள்களால் நீரிட்டுத் தேய்த்து, இறுதியில் பாலிஷ் இட வேண்டும். குழாயின் போக்கில் ஒரே திசையில் தேய்த்தால் கீறல்கள் கண்ணுக்குப் புலப்படா. தொழிற்கூடங்களில் பயன்படும் அமிலப் பசைகள் ஐதரோபுளோரிக் அமிலம் கொண்டவை. அவ்வமிலம் தோலை ஊடுருவி உள்ளுறுப்புகளைத் தாக்குமாதலால் வீட்டில் பயன்படுத்தத் தக்கவை அல்ல.

சாதாரண எஃகுப் பஞ்சையோ, மென்னெஃகைத் தேய்த்த கம்பித் தூரிகையையோ துருவேறா எஃகின் மேல் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் இரும்புத் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து, சில நாட்களில் தாமே துருப்பிடித்துப் புள்ளிகளாகத் தோன்றும். கழிவறைத் தூய்மிகள் பலவற்றில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலம் இன்னும் கேடானது. குளோரைடு துருவேறா எஃகில் ஆழமான குழிகளை உண்டாக்கும். அத்தகைய அமிலத்துடன் வெளுப்புநீர் கலந்தால் குளோரின் வளிமம் எழும்.

குரோமிய முலாம்

அலங்கார முனைகளில் காணப்படும் குரோமியப் படலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. உண்மையில் எஃகைக் காப்பது அதன் அடியிலுள்ள நிக்கல் படலமே. முலாமின் நுண்துளைகள் வழியே அடி எஃகின் துரு புள்ளிகளாக வெளிவரும். அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் தோய்த்து மெல்லத் தேய்த்தால் இப்புள்ளிகள் நீங்கும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானதாகையால் முலாம் கீறுவதில்லை. முலாம் உரிந்துவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. மறுமுலாம் இடுவதை விடப் புது முனை வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

மென்னெஃகும் வெப்பந்தாங்கு பூச்சும்

மென்னெஃகைத் தேய்த்து மின்ன வைத்தால் அது அடுத்த மழை வரையே நிலைக்கும். ஆகவே பூச்சிட்டாக வேண்டும். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையாலும் 80 எண் உப்புத்தாளாலும் நீக்கி, 180 எண் தாளால் சமன்செய்து, தூசியையும் எண்ணெயையும் கரைப்பானால் துடைக்க வேண்டும். குளோரின் சேர்ந்த கரைப்பான்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் எச்சம் சூடான உலோகத்திலோ பற்றவைப்பிலோ பாசுசீன் என்னும் கொடிய வளிமமாகச் சிதையக்கூடும். அலுமினியம் பூசிய எஃகாயின் முரட்டுத் தாளைத் தொடவே கூடாது. காப்பாக இருக்கும் படலமே தேய்ந்துவிடும்.

சாதாரண வண்ணப்பூச்சு முதல் பயணத்திலேயே கருகிவிடும். சிலிக்கோன் பிசினில் அலுமினியச் செதில்கள் அல்லது வெப்பந்தாங்கும் நிறமிகள் கலந்த, ஏறத்தாழ 600° செல்சியசு வரை தாங்கும் பூச்சுகளே ஏற்றவை. தடிப்பாக ஒருமுறை பூசுவதினும் மெல்லியதாக இரண்டு, மூன்று முறை பூசுவதே நன்று. ஆக்சிசன் உணரி, அதன் கம்பிகள், இரப்பர் வளையங்கள் ஆகியவற்றை முன்னரே மூடிவிட வேண்டும். இப்பூச்சு காற்றில் உலர்வதால் மட்டும் இறுகாது. பொறியைச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் கூடுதல் நேரம் ஓட்டிப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். கால அளவு கலனில் அச்சிடப்பட்டிருக்கும். அப்போது புகையும் நெடியும் எழும் என்பதால் திறந்த வெளியிலேயே இதைச் செய்ய வேண்டும். மூடிய வண்டிக்கூடத்தில் பொறியை ஓட்டுவது எந்நிலையிலும் கூடாது.

டானிக் அமிலம் கொண்ட துரு மாற்றிகள் துருவைக் கருநிற இரும்பு டானேட்டாக மாற்றுகின்றன. கடுக்காயில் ஊறிய துணியின் மேல் இரும்புக் கரைசலைத் தீட்டிக் கலம்காரி ஓவியர்கள் கருமை பெறுவதும் இதே வேதிவினையே. எனினும் இம்மாற்றிகளில் சேர்க்கப்படும் பிசின் பெரும்பாலும் புகைக்குழாயின் வெப்பத்தைத் தாங்குவதில்லை. தொங்கு கொக்கிகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் அவை போதும். நாகப் பூச்சும் முன்பகுதிக்கு ஆகாது; நாகம் ஏறத்தாழ 420° செல்சியசில் உருகிவிடும். பழைய எஞ்சின் ஆயிலைக் குழாயின் மேல் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது சூட்டில் புகையும், தீப்பற்றவும் கூடும்.

பராமரிப்பு

வண்டியைக் கழுவும்போது அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவி, உப்பையும் சேற்றையும் போக்குவது பயன்தரும். மெழுகு வால்முனைக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முன்னுள்ள பகுதிகளில் அது எரிந்து கறையாகும். நெகிழிப்பை சூடான குழாயில் உருகி ஒட்டிக்கொண்டால், ஆறிய பின் மரச்சீவலால் சுரண்டி, எஞ்சியதைக் கரைப்பானால் துடைத்து எடுக்கலாம். குறும்பயணங்களே செல்லும் வண்டியை வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் கலனில் தேங்கிய நீர் ஆவியாகி வெளியேறும்.