வெளிநாட்டுப் பழைய காருக்கு நம்மூர் நம்பர் கிடைக்குமா?

ஆட்டோமொபைல் பொறியியல், இரண்டாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எஞ்சின், கியர்பாக்ஸ் என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதெல்லாம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வைவாவுக்கு எப்படியும் படிக்கத்தான் போகிறோம். ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் ஓர் அண்ணனோ மாமாவோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். "இங்க ஓட்டுற காரை அப்படியே ஊருக்குக் கொண்டாந்துட முடியுமா?" என்று அவர் ஒருநாள் கேட்பார். என்னிடம் என் மாமா கேட்டார்.

மாமா வளைகுடாவில் பதினைந்து வருடமாக டிரைவர். அத்தனை வருடமும் அடுத்தவர் வண்டிதான். கம்பெனி ஒரு பழைய காரைக் கழித்துக்கட்டியபோது சகாய விலைக்கு அவரே வாங்கிக்கொண்டார். அவர் பெயரில் இருந்த முதல் வண்டி அது. ஊருக்குத் திரும்பும்போது அதையும் கப்பலில் ஏற்றிவிட ஆசை. இங்கே ஒரு ஏஜென்ட், "நாற்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க, பேப்பர் வேலையெல்லாம் என் பொறுப்பு" என்றார். அம்மா அடகு வைக்கச் செயினைக் கழற்றி வைத்துவிட்டார். அதற்கு முன் மாமா போனில் சொன்னது ஒன்றுதான்: "மாப்ளே, நம்ம வீட்டுல படிக்கிறவன் நீ ஒருத்தன்தான். என்ன ஏதுன்னு படிச்சுப் பார்த்துச் சொல்லு."

எங்கள் வீட்டில் ஆர்.சி. புத்தகத்தைக்கூட யாரும் முழுசாகப் படித்ததில்லை. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்கும் அந்த ஆங்கில விதிகள் லேசாக இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். புரியாத இடத்தை எங்கள் துறை விரிவுரையாளரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

இரண்டு கதவுகள்

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வெளிநாட்டு வண்டி நம் சாலைக்கு வர இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒன்று இறக்குமதி. அதற்கான விதிகளை டி.ஜி.எஃப்.டி. எனப்படும் அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வகுக்கிறது. துறைமுகத்தில் சுங்கத்துறை பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது பதிவு. அது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. ஆபீசில் நடப்பது. முதல் கதவு திறக்காவிட்டால் இரண்டாவது கதவைத் தட்டவே முடியாது. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் ஏமாறுகிறார்கள்.

முதல் கதவு: இறக்குமதி

பழைய காரை இறக்குமதி செய்வதற்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

1. தயாரித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
2. ஸ்டீயரிங்கும் கன்ட்ரோல்களும் வலப்பக்கம் இருக்க வேண்டும்.
3. ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும்.
4. ஹெட்லைட் ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
5. வந்து இறங்கிய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு ஓடும் தகுதி இருக்க வேண்டும். அதுவரை சர்வீஸ் வசதிக்கும் உறுதி தர வேண்டும்.
6. கப்பலில் ஏற்றுமுன் அங்கே ஒரு சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே வந்தபின், சுங்கம் விடுவிக்குமுன், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பின் சோதனையிலும் தேற வேண்டும்.
7. மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

கடைசி நிபந்தனையைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கே தயாரான கார்கள் வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. வெளிநாட்டுப் பழைய கார் மட்டும் அங்கே இறங்க முடியாது!

ஏன் இந்த நிபந்தனைகள்?

இங்கேதான் நம் பாடம் வருகிறது. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். ஆகவே டிரைவர் நடுக்கோட்டை ஒட்டி வலப்பக்கம் உட்கார வேண்டும். முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் செய்யுமுன் லேசாக வலப்பக்கம் ஒதுங்கினாலே எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இடப்பக்க ஸ்டீயரிங் என்றால் வண்டியில் பாதிக்கு மேல் எதிர்ப்பாதையில் நீண்ட பிறகுதான் டிரைவர் கண்ணுக்கு எதிர்ச்சாலை தெரியும். அதற்குள் பஸ் வந்துவிடும்.

ஹெட்லைட் கதையும் அதுதான். டிம் செய்த ஒளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. நம் நாட்டு வண்டியில் இடது ஓரம் கொஞ்சம் மேலே ஏறி, சாலையோரம் நடப்பவரைக் காட்டும். வலதுபக்கம் தாழ்ந்து, எதிரே வருபவர் கண்ணைக் காக்கும். வலப்பக்கம் போகும் நாட்டு வண்டியில் இது தலைகீழ். அதை இங்கே ஓட்டினால் டிம் போட்டும் எதிரே வருபவர் கண் கூசும். நம்பாதவர்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் மாமாவிடம் காட்டியது 120ஆம் பிரிவை. விதிப்படி சிக்னல் கருவி பொருத்தியிருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை ஓட்டலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அது சாலையில் ஓட்டுவதற்கான விதி. பழைய காரைத் துறைமுகத்தில் இறக்குவதற்கான விதி வேறு. அவர் இரண்டாவது கதவின் சாவியை முதல் கதவுக்குக் காட்டினார். ஸ்டீயரிங்கை மாற்றிவிடலாமே என்றால் அதுவும் லேசில்லை. ஸ்டீயரிங் ராக், பெடல்கள், டேஷ்போர்டு, வைப்பர் இணைப்பு எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். கம்பெனி வடிவமைத்ததிலிருந்து இப்படி மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது.

சிங்கப்பூர் வண்டிக்கு ஸ்டீயரிங் நம்மைப் போலவே வலப்பக்கம். ஆனால் அங்கே காருக்கான உரிமைச் சான்று 10 ஆண்டுக்கு. அது முடியும் சமயத்தில் மலிவாகக் கிடைக்கும் வண்டி நம் 3 ஆண்டு விதியில் தோற்றுவிடும். வளைகுடா வண்டிக்கு ஸ்டீயரிங் இடிக்கிறது. இதற்கு வயசு இடிக்கிறது.

வரிக் கணக்கு

எல்லாம் பொருந்தினாலும் வரி இருக்கிறது. "நான் சல்லிசாத்தானே வாங்கினேன்" என்பது சுங்கத்தில் செல்லாது. புது வண்டியின் விலையை வைத்துத் தேய்மானம் கழிப்பதுதான் அவர்கள் வழக்கம். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் இரண்டரை. புதிதாக 10 லட்சம் விலையுள்ள கார் இரண்டரை ஆண்டு ஓடியிருந்தால் 16, 12, 5 ஆக 33 சதவீதம் கழியும். மதிப்பு 6 லட்சத்து 70 ஆயிரம். கப்பல் கூலியும் இன்சூரன்சும் இதோடு சேரும். அதன்மேல் விழும் வரிகளின் கூட்டுத்தொகை வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும்.

இரண்டாவது கதவு: பதிவு

சுங்கம் விடுவித்த வண்டிக்கு மீதி வேலை அவ்வளவு பயமில்லை. இன்சூரன்ஸ் எடுத்து, 43ஆம் பிரிவின்படி தற்காலிகப் பதிவு வாங்கி, மும்பையிலிருந்து ஊருக்கு ஓட்டி வரலாம். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் 20ஆம் எண் படிவம். கூடவே சுங்க விடுவிப்புச் சான்று, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, கட்டணம். வண்டியைக் கையில் எடுத்த 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பயண நாட்கள் அதில் சேராது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பதிவு 15 ஆண்டு செல்லும்.

இன்ஸ்பெக்டர் முக்கியமாகப் பார்ப்பது சேசிஸ் நம்பர். தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். மொத்தம் 17 இலக்கம். ஒன்றோடும் சுழியோடும் குழம்பாமல் இருக்க ஐ, ஓ, க்யூ என்ற எழுத்துகள் அதில் வராது. முதலில் ஜே என்றால் ஜப்பான் தயாரிப்பு. பல கம்பெனிகளில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். பழைய வண்டி வாங்கும் யாரும் பேப்பரில் உள்ள நம்பரையும் இரும்பில் உள்ள நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மாமாவுக்குச் சொன்ன பதில்

சேசிஸ் நம்பரைப் படிக்கச் சொன்னேன். மாமா வெயிலில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். முதல் எழுத்து ஜே, பத்தாவது ஜி. அதாவது 2016 மாடல். வயசும் இடித்தது, ஸ்டீயரிங்கும் இடித்தது. "மாமா, ரெண்டு காரணத்தால இது மும்பையிலயே நின்னுடும். அட்வான்ஸ் கொடுக்காதீங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்குக் கை வியர்த்துவிட்டது. படித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவர் ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயம். அப்புறம் மாமா, "சரி மாப்ளே. அம்மாவை அந்தச் செயினைக் கழுத்துல போட்டுக்கச் சொல்லு" என்றார்.

காரை அங்கேயே விற்றுவிட்டார். ஊருக்கு வந்ததும் இங்கேயே ஒரு பழைய வண்டி பார்க்கப் போகிறோம். சேசிஸ் நம்பரை நான்தான் பார்க்க வேண்டுமாம்.

நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் நம்மை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். டிப்ளமோ கைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும் பேப்பரைப் படித்துச் சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் அட்வான்ஸ் கேட்டாலும் முதலில் விதியைக் கேளுங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.