அப்பாவுக்கு எந்த பிரவுசர்?

போன செமஸ்டர், மாடல் எக்ஸாம் நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"தம்பி, நம்ம கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம்டா. ஸ்கிரீன்ல வலது பக்கம் கீழ வந்து வந்து நிக்குது. சரி பண்ண மூவாயிரத்துச் சொச்சம் கட்டணுமாம். கார்டு நம்பர் போடட்டுமா?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "அப்பா, எதையும் தொடாதீங்க. அப்படியே ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க. சனிக்கிழமை நான் வர்றேன்" என்றேன்.

நண்பர்களே, இதில் என் தப்பும் இருக்கிறது. ஒரு வருடம் முன்பே அப்பா கேட்டார்: "வீட்டுக்கு எந்த பிரவுசர் நல்லதுடா?" நான் மொபைலில் இருந்து தலையைத் தூக்காமலேயே, "எதா இருந்தா என்னப்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். அன்று ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரும், நம்மை நம்பி ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்காங்க இல்லையா?

அது என்ன வைரஸ்?

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தால், வைரஸ் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம் "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது. வழியில் நிற்கிற பெட்டியை நகர்த்த அப்பா "அலவ்" அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பிரவுசர் வழியாகவே அந்தத் தளம் விண்டோஸ் எச்சரிக்கை மாதிரி வேஷம் போட்டு விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தது. கூடவே, பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் உள்ளே நுழைந்து, தேடல் பக்கத்தையே மாற்றி வைத்திருந்தது. பிரவுசரை மூடாமலே ஸ்லீப்பில் போட்டுப் போட்டு, இறங்கி வந்த அப்டேட்டும் வேலைக்கு வராமல் காத்துக்கொண்டிருந்தது.

அந்த அனுமதியை நீக்கி, எக்ஸ்டென்ஷனைத் தூக்க ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம்தான் பெரிய கேள்வி: இனிமேல் இதில் எந்த பிரவுசர் இருக்கணும்?

வெளியே பல பெயர், உள்ளே மூன்று எஞ்சின்

கடையில் பத்து பிராண்டு பிஸ்கட் இருந்தாலும் மாவு ஒரே மில்லில் அரைத்ததாக இருக்கலாம். பிரவுசரும் அப்படித்தான். ஒரு பக்கத்தின் கோடை வாங்கி, எழுத்தாகவும் படமாகவும் திரையில் வரைந்து காட்டுகிற பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். இன்று பெரிய அளவில் புழக்கத்தில் இருப்பவை மூன்றுதான்.

பிளிங்க்: குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோ 2023-ல் வெளியிட்ட 'உலா' பிரவுசரும் இதே குடும்பம்தான். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை குரோமியம் என்கிற ஓப்பன் சோர்ஸ் திட்டம்.

கெக்கோ: மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ்.

வெப்கிட்: ஆப்பிளின் சஃபாரி. விண்டோஸுக்கான சஃபாரி 2012-லேயே 5.1.7 வெர்ஷனோடு நின்றுவிட்டது. அதனால் விண்டோஸ் வீடுகளுக்கு இது கணக்கில் இல்லை.

ஒரே எஞ்சின் என்பதால் குரோமில் சரியாகத் தெரிகிற தளம் எட்ஜிலும் பிரேவிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். வித்தியாசம் எல்லாம் அதன் மேல் கட்டிய வசதிகளிலும், உங்கள் தகவலை அந்தந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதிலும்தான்.

எல்லாரும் ஒரே எஞ்சினுக்குப் போனால் என்ன நஷ்டம்? பழைய கதை ஒன்று உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-ல். அப்போது அதற்குப் போட்டியே இல்லை. அடுத்த வெர்ஷன் 7 வர 2006 ஆகிவிட்டது. நடுவில் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து டேப், பாப்-அப் தடுப்பு என்று காட்டிய பிறகுதான் மறுபடி ஓட்டம் ஆரம்பித்தது. போட்டி இல்லாத இடத்தில் வேலை நடக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். நான் நாலு கேள்வி வைத்துக்கொண்டேன்.

கேள்வி 1: அப்டேட் வருகிறதா?

இதுதான் முதல் கேள்வி. இதில் தோற்கிற பிரவுசருக்கு மற்ற மூன்று கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

பிரவுசர் என்பது முகம் தெரியாத ஆட்களின் கோடைத் தினமும் வாங்கி நம்ம வீட்டுக்குள் ஓட்டுகிற புரோகிராம். அதில் ஓட்டை கண்டுபிடிப்பதும் அடைப்பதும் நிற்காமல் நடக்கிற வேலை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சுமார் நாலு வாரத்துக்கு ஒரு புது வெர்ஷன் என்ற கணக்கில் வந்துகொண்டிருந்தன. 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வாராவாரம் வருகிறது. அது தானாக இறங்கும். ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். எங்க அப்பா மூடவே இல்லை!

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்கணும். விண்டோஸ் 7, 8, 8.1-க்கு வந்த கடைசி குரோம் 109; அது 2023 ஜனவரி. அதற்குப் பிறகு எத்தனை தடவை "அப்டேட்" அழுத்தினாலும் நகராது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் என்கிற நீண்டகால வெர்ஷனில் பழைய விண்டோஸுக்குக் கூடுதல் காலம் திருத்தம் கொடுத்தார்கள். அதுவும் முடிகிற வண்டிதான். அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை. ஹார்ட்வேர் நன்றாக இருந்தால் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டு, அதில் புது ஃபயர்ஃபாக்ஸ் ஓட்டலாம்.

எங்க வீட்டில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கே மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பிரவுசர் புதிதாக இருந்தாலும் அடியில் உள்ள தரை பழையதுதான் என்பதை அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

கேள்வி 2: நம்ம கம்ப்யூட்டர் தாங்குமா?

4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் தன் பங்கை எடுத்தது போக மிச்சத்தில்தான் பிரவுசர் வாழணும்.

"குரோம் ரேமைத் தின்னும்" என்று எல்லாரும் கிண்டல் அடிப்போம். ஏன் தின்கிறது என்று யோசித்தோமா? பழைய பிரவுசர்களில் எல்லா டேபும் ஒரே புராசஸ். ஒன்று உட்கார்ந்தால் எல்லாம் உட்காரும். 2008-ல் வந்த குரோம் அதைத் தனித்தனி புராசஸாகப் பிரித்தது. 2018-ல் ஸ்பெக்டர் என்ற புராசசர் ஓட்டை வெளியே வந்த பிறகு, ஒரு தளத்தின் நினைவகத்தை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காதபடி தளத்துக்கு ஒரு புராசஸ் என்று ஆக்கினார்கள். பின்னால் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழிக்கு வந்தது. ஆக, அந்த ரேம் வீணாகப் போவதில்லை. ஒவ்வொரு அறைக்கும் தனிச் சுவர் கட்டின செலவு அது.

அதனால் பிரவுசரை மாற்றினால் மட்டும் ரேம் பிரச்சினை தீராது. அப்பா திறக்கிற அதே தளங்களை மூன்று பிரவுசரிலும் திறந்து பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விளம்பரத் தடுப்பான் போட்டதும் செய்தித்தாள் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகமாக வந்தது. நீங்களும் பார்க்கலாம்: குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று பட்டியல் வரும்.

குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இருக்கின்றன; சும்மா இருக்கிற டேபைத் தூங்க வைக்கும். ஃபயர்ஃபாக்ஸும் நினைவகம் தீரும்போது பழைய டேபைத் தானாக இறக்கிவிடும். ஆனாலும் உண்மையான மருந்து எஸ்எஸ்டியும் இன்னொரு ரேம் கார்டும்தான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். நாம் "ஸ்லோ" என்று திட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான்.

கேள்வி 3: யார் வேவு பார்க்கிறார்கள்?

நீங்கள் ஒரு தளத்தில் மிக்ஸி பார்த்தால், அடுத்த தளத்திலும் மிக்ஸி விளம்பரம் துரத்துகிறதே, அதற்கு முக்கியக் காரணம் மூன்றாம் தரப்பு குக்கீ. ஃபயர்ஃபாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டிவைக்கிறது. பிரேவ் இந்தக் குக்கீயையும் விளம்பரத்தையும் ஆரம்பத்திலேயே தடுக்கிறது. குரோம் இதை நிறுத்தப்போவதாகப் பல வருடம் சொல்லிவிட்டு, கடைசியில் கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம் என்பதை நினைத்தால் ஆச்சரியம் இல்லை.

விளம்பரத் தடுப்பான்களில் பெயர் பெற்ற யூபிளாக் ஆரிஜின், குரோமின் புது எக்ஸ்டென்ஷன் விதிகளான மேனிஃபெஸ்ட் 3-க்குப் பிறகு அங்கே வேலை செய்யாது. 'லைட்' என்ற சுருக்கப் பதிப்புதான் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாகவே ஓடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடணும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கிற பணம்தான். முற்றிலும் சுத்தமான கை யாருக்கும் இல்லை.

இன்னொன்று: இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்று என் தங்கை உட்பட நிறைய பேர் நம்புகிறார்கள். அது இந்தக் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. இன்டர்நெட் கொடுக்கிற நிறுவனத்துக்கும், நாம் போகிற தளத்துக்கும் நாம் வந்தது தெரியும்.

கேள்வி 4: உட்காரப்போவது யார்?

அப்பாவுக்கு மின்கட்டணம், மெயில், பேங்க். அம்மாவுக்கு யூடியூப். தங்கைக்கு கிளாஸ் நோட்ஸ், எல்லாம் கூகுள் அக்கவுண்டில். ஒரே பிரவுசரில் மூன்று பேரும் புகுந்தால் அப்பாவின் மெயிலை தங்கை திறப்பாள். பிரவுசர் புரொஃபைல் என்பது திரைச்சீலை மாதிரிதான், பூட்டு கிடையாது. விண்டோஸிலேயே ஆளுக்கொரு அக்கவுண்ட் போடுவதுதான் பூட்டு.

கடைசியில் என்ன செய்தேன்?

அப்பா, அம்மாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜினோடு. தங்கைக்கு குரோம் அப்படியே இருக்கட்டும். அவள் வேலை அங்கேதான். எட்ஜையும் நீக்கவில்லை. ஒரு சேவைத் தளத்தில் ரசீது பிரின்ட் ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வரவில்லை, எட்ஜில் வந்தது. அதனால் "இது வரலைன்னா மட்டும் அது" என்று சொல்லியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் எதுவும் போடத் தெரியாத, போட விரும்பாத வீடு என்றால் பிரேவ் எளிது.

எந்த பிரவுசராக இருந்தாலும் இந்த ஐந்தையும் செய்துவிட்டு எழுந்திருங்கள்:

1. செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் கேட்பதையே மொத்தமாகத் தடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை.
2. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை எல்லாம் எடுங்கள். "எல்லாத் தளத்திலும் படிக்கவும் மாற்றவும்" அனுமதி வாங்கின எக்ஸ்டென்ஷன் நீங்கள் பார்க்கிற பேங்க் பக்கத்தையும் படிக்கும்.
3. பேங்க் தளத்தைச் சரியான முகவரியில் புக்மார்க் செய்து, அதிலிருந்து மட்டும் போகச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்க வேண்டாம்.
4. மெயில் மாதிரி மற்றவற்றுக்குப் பாஸ்வேர்டைச் சேமிக்கலாம். அதில் ஒரு லாபம்: சேமித்த முகவரியில் மட்டும்தான் பிரவுசர் அதைத் தானாக நிரப்பும். போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றும். முகவரியைப் பார்க்கிற பிரவுசரை ஏமாற்றாது.
5. வேலை முடிந்தால் பிரவுசரை மூடச் சொல்லுங்கள். அப்டேட் உள்ளே போகட்டும்.

பூட்டு அடையாளத்தைப் பார்த்து நம்பச் சொல்லாதீர்கள். அது இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்றுதான் சொல்கிறது. எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. திருடன் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே மாற்றிவிட்டது.

போன மாசம் அப்பா மறுபடி போன் பண்ணினார்.

"தம்பி, மெயில் பாக்ஸ் நிரம்பிடுச்சு, லாகின் பண்ணுங்கன்னு ஒரு லிங்க் வந்துச்சு. அமுக்கினா நம்ம மெயில் பக்கம் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா பாஸ்வேர்டு தானா வரல. நீ சொன்னியே, வரலைன்னா சந்தேகப்படுன்னு. மூடிட்டேன். சரிதானே?"

"ரொம்பச் சரிப்பா" என்றேன்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடியும் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள்.